சிகாகோவா ஹூஸ்டனா: மூணாவது இடத்துக்கு நடக்குற சண்டை

அமெரிக்காவுல பெரிய ஊர் எதுன்னு பேச்சு வந்தா நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் ரெண்டையும் யாரும் கிட்ட போய் தொட மாட்டாங்க. உண்மையான அடிதடி மூணாவது இடத்துக்குத்தான், அதுவும் சிகாகோக்காரங்களுக்கும் ஹூஸ்டன்காரங்களுக்கும் நடுவுல. 2020 சென்சஸ்ல சிகாகோ சுமார் 27.5 லட்சம், ஹூஸ்டன் சுமார் 23 லட்சம். 1950ல இதே சிகாகோ 36 லட்சம், ஹூஸ்டன் 6 லட்சம்கூட முழுசா இல்ல. ஒண்ணு எறங்கிட்டு வந்திருக்கு, இன்னொண்ணு ஏறிட்டே போகுது, அதனால ஹூஸ்டன்காரங்க எந்த பார்ட்டியில பாத்தாலும் "இன்னும் கொஞ்ச வருஷம்தான், அப்புறம் நாங்கதான் நம்பர் த்ரீ"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. நான் ரெண்டு ஊர்லயும் குடும்பத்தோட இருந்தவன், இப்போ சிகாகோ, அதுவும் சிட்டிக்குள்ளயே. என் கட்சி சிகாகோதான், அதை மறைக்கல. ஆனா அதுக்கு நான் சொல்ற காரணம் மக்கள்தொகை இல்ல. ஒரு ஊர் எதையெல்லாம் எல்லாருக்கும் பொதுன்னு வெச்சிருக்கு, அதைக் காப்பாத்த எவ்ளோ தூரம் போய் மல்லுக்கட்டியிருக்குன்னு பாத்துத்தான் நான் மார்க் போடுவேன்.

முதல்ல இந்த நம்பர் சண்டையை முடிச்சிடுவோம். ஹூஸ்டன் சிட்டி எல்லைக்குள்ள நிலம் சுமார் 1,650 சதுர கிலோமீட்டர், சிகாகோவுல சுமார் 590. அதாவது ஹூஸ்டனுக்குள்ள ரெண்டரை சிகாகோவுக்கு மேல அடங்கும். பல வருஷமா பக்கத்துல இருந்த நிலத்தையெல்லாம் இழுத்து இழுத்து சிட்டியோட சேத்துக்கிட்டாங்க, அந்த வேகம் முன்னாடியே குறைஞ்சிடுச்சு, 2017லயும் 2019லயும் டெக்சஸ்ல சட்டம் மாத்தினப்புறம் கிட்டத்தட்ட நின்னே போச்சு. சிகாகோவைச் சுத்தி இருக்குற சப்அர்ப் எல்லாம் தனித்தனி ஊரா ரொம்ப காலத்துக்கு முன்னாடியே கெட்டியாயிட்டதால அது எங்கயும் நகர முடியல. ஒரு சதுர கிலோமீட்டருக்கு சிகாகோவுல 4,600 பேர், ஹூஸ்டன்ல 1,400 பேர். இந்த எல்லைக்கோடு எவ்ளோ கூத்து பண்ணும்னு பாக்கணும்னா ஜாக்சன்வில்லைப் பாருங்க, 1968ல சிட்டியையும் கவுண்டியையும் ஒண்ணா சேத்துட்டாங்க, இப்போ அது கணக்குல பாஸ்டனையும் சான் ஃபிரான்சிஸ்கோவையும் விட பெரிய ஊரு. செயின்ட் லூயிஸ் 1870கள்ல கவுண்டியிலேர்ந்து தனியா பிரிஞ்சு வந்துச்சு, இப்போ சிட்டிக்குள்ள 3 லட்சம் பேர்கூட இல்ல. அதனால யார் மூணு யார் நாலுங்கிறது பாதி நேரம் சர்வே பண்ணவன் கோடு எங்க போட்டான்ங்கிற விஷயம், அதுல பெருமைப்பட என்ன இருக்கு சொல்லுங்க.

இப்போ தண்ணி விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா ரெண்டுமே சதுப்பு நிலத்துல எழும்பின ஊரு, தண்ணியை என்ன பண்றதுங்கிறதுதான் ரெண்டுக்கும் தலைவிதி. சிகாகோவுல 1850கள்ல சாக்கடை ஓட வழியே இல்லாம காலரா வந்து ஜனங்க செத்தாங்க. ஊரை ஒட்டி இருக்குற மிச்சிகன் ஏரி மட்டத்துக்கும் தெரு மட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, குழாய் பொதைச்சா சரிவு கெடைக்காது. என்ன பண்ணாங்க தெரியுமா, தெரு மேலயே சாக்கடைக் குழாயை வெச்சு அது மேல மண்ணைக் கொட்டி ரோட்டையே ஒசத்திட்டாங்க, அப்புறம் ரெண்டு பக்கமும் இருந்த செங்கல் கட்டடங்களைத் திருகு ஜாக்கி வெச்சு தூக்கினாங்க. 1860ல லேக் ஸ்ட்ரீட்ல ஒரு வரிசைக் கட்டடம் முழுசையும் நூத்துக்கணக்கான ஆளுங்க நின்னு, சிக்னல் குடுத்ததும் எல்லாரும் ஒரே நேரத்துல ஆளுக்குக் கொஞ்சமா ஜாக்கியைத் திருப்பி, கண்ணாடி ஒடையாம ஏத்துனாங்க, உள்ள கடையில வியாபாரம் பாட்டுக்கு நடந்துட்டு இருந்துச்சு. நம்ம சென்னையில ரோடு ஒசந்து ஒசந்து வீடு பள்ளத்துல போனப்புறம் இப்போ ஜாக்கி வெச்சு வீட்டைத் தூக்குறாங்கல்ல, அதே வேலைதான், ஆனா அங்க வீட்டுக்காரன் ஒருத்தன் இல்ல, ஊரே சேந்து தெருத்தெருவா பண்ணுச்சு.

அதோட விடல. சாக்கடை ஆத்துல போய், ஆறு ஏரியில போய், அதே ஏரித்தண்ணியைத்தானே குடிக்கணும். அதனால கால்வாய் வெட்டி 1900 ஜனவரியில ஆத்தையே திருப்பி விட்டாங்க, ஏரிக்குள்ள ஓடிட்டு இருந்த ஆறு ஏரியிலேர்ந்து வெளிய ஓட ஆரம்பிச்சுது. அந்த அழுக்கு இப்போ எங்க தலையில வந்து விழுதுன்னு கீழ இருக்குற மிசௌரி மாநிலம் கேஸ் போட்டுச்சு, 1906ல சுப்ரீம் கோர்ட்ல தோத்துச்சு. மிசௌரிக்காரங்க கோவம் நியாயம்தான்னு எனக்குத் தோணும், ஆனா ஒரு ஊர் தன் ஜனங்களோட குடிதண்ணிக்கு இவ்ளோ தூரம் போச்சுங்கிறதும் உண்மை. 1970கள்ல ஆரம்பிச்சு பூமிக்கடியில 170 கிலோமீட்டருக்கு மேல சுரங்கம் தோண்டி மழைத்தண்ணியைத் தேக்கி வெக்கிறாங்க. இன்னைக்கும் பெரிய மழை பேஞ்சா பேஸ்மெண்ட்ல தண்ணி வருது, பிரச்சனை தீந்துடுச்சுன்னு யாரும் சொல்லல.

ஹூஸ்டன்ல கதை வேற. 1935 வெள்ளத்துக்கப்புறம் மேற்கால ஆடிக்ஸ், பார்க்கர்னு ரெண்டு பெரிய தடுப்பணை கட்டினாங்க, மழை இல்லாத நாள்ல அது காஞ்ச காடு மாதிரிதான் இருக்கும். தண்ணி நிரம்பினா எதுவரைக்கும் நிக்குமோ அந்த எடத்தை முழுசா அரசாங்கம் வாங்கி வெக்கல, ஓரத்துல மீதி இருந்தது தனியார் நிலம், அங்க போய் பில்டருங்க காலனி காலனியா வீடு கட்டி வித்தாங்க, வாங்குனவங்க நெறைய பேருக்கு நாம அணைக்குள்ள வீடு வாங்குறோம்னே தெரியாது. 2017 ஆகஸ்ட்ல ஹார்வி புயல் வந்தப்போ அந்த வீடெல்லாம் தண்ணிக்குள்ள போச்சு, அணை ஒடைஞ்சிடக் கூடாதுன்னு கதவைத் திறந்து விட்டதுல கீழ இருந்தவங்க வீடும் போச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம், முதல் மாடியில ரெண்டு பசங்களோட உக்காந்து, படிக்கட்டுல தண்ணி எத்தனாவது படிக்கு வந்திருக்குன்னு ராத்திரி பூரா டார்ச் அடிச்சுப் பாத்துட்டே இருந்தாங்க, காலையில ஒரு போட்ல வந்து கூட்டிட்டுப் போனது முன்னபின்ன தெரியாத ஒருத்தர். அந்த போட்காரரை நினைச்சா ஹூஸ்டன் மேல எனக்கு இருக்குற மரியாதை கூடும். ஆனா ஜனங்க இவ்ளோ நல்லவங்களா இருக்கும்போது ஊர் அமைப்பு ஏன் அவங்களை இப்படிக் கைவிட்டுச்சுன்னு கேக்காம இருக்க முடியல.

சரி, சிகாகோ ஏரிக்கரை. 1836லயே மேப்ல ஒரு துண்டு நிலத்துக்கு மேல இது எப்பவும் திறந்த வெளியா, கட்டடம் எதுவும் இல்லாம பொதுவா இருக்கணும்னு எழுதி வெச்சாங்க. எழுதி வெச்சா மட்டும் போதுமா, அங்க குப்பையும் கொட்டாயும் ரயில் பாதையுமா ஆயிடுச்சு. தபால்ல பொருள் விக்கிற பெரிய கம்பெனி நடத்தின மாண்ட்கமரி வார்டுன்னு ஒருத்தர், 1890லேர்ந்து இருபது வருஷம் சொந்தக் காசுல கேஸ் நடத்தி அதை மீட்டாரு, அந்தக் காலத்துல ஊர்ப் பெரிய மனுஷங்கெல்லாம் அவரை வளர்ச்சிக்கு எதிரின்னு திட்டினாங்க. இப்போ அந்த எடம்தான் கிராண்ட் பார்க். கரையோரமா கிட்டத்தட்ட 30 கிலோமீட்டருக்கு நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், பீச்சுக்கு டிக்கெட் கிடையாது. நியூயார்க்லயோ லாஸ் ஏஞ்சலஸ்லயோ காசுக்காரன் வீட்டு ஜன்னல்லேர்ந்து தெரியுற தண்ணி, இங்க டாக்ஸி ஓட்டுறவரும் ஞாயித்துக்கிழமை கிரில்லைத் தூக்கிட்டு வந்து முன்னாடி உக்காந்து பாக்குற தண்ணி. 2014ல ஏரிக்கரையில ஒரு கோடீஸ்வரர் மியூசியம் கட்டித் தர்றேன்னு வந்தாரு, மேயரே ஆதரவு, ஆனா ஒரு பூங்கா சங்கம் கேஸ் போட்டுச்சு, கடைசியில அது லாஸ் ஏஞ்சலஸ் போயிடுச்சு. நெறைய பேர் வயித்தெரிச்சல் பட்டாங்க. நான் சந்தோஷப்பட்டேன்.

ட்ரெயின்ல ஹூஸ்டன் பக்கம் பேச எதுவும் இல்ல. இங்க 'எல்'னு கூப்பிடுற சிட்டி ட்ரெயின்ல ரெட் லைனும் ப்ளூ லைனும் 24 மணி நேரமும் ஓடுது, ஏர்போர்ட்ல இறங்கி நடுராத்திரி ட்ரெயின் ஏறி வீட்டுக்கு வரலாம். ஹூஸ்டன்ல லைட் ரெயில் 2004லதான் வந்துச்சு, ஏர்போர்ட்டுக்குப் போகாது, கேட்டி ஃப்ரீவேயை சில எடத்துல சர்வீஸ் ரோடோட சேத்து 26 லேன் வரைக்கும் அகலப்படுத்தினாங்க, கொஞ்ச வருஷத்துல பழையபடி ஜாம்.

ஆனா ஹூஸ்டனை அவ்ளோ லேசா தள்ளிட முடியாது, இதை சிகாகோக்காரங்க காது குடுத்துக் கேக்கணும். அந்த ஊரோட பொதுச்சொத்து கதவு திறந்திருக்குறது. எந்த எடத்துல என்ன கட்டலாம்னு பிரிச்சு வெக்கிற சோனிங் சட்டம் அங்க கிடையாது, 1993ல கூட ஓட்டுப் போட்டு வேணாம்னுட்டாங்க. 1998ல வீட்டு மனையோட குறைஞ்சபட்ச அளவை நடு ஊரைச் சுத்தி ஓடுற 610 லூப் ரோட்டுக்குள்ள 1,400 சதுர அடிக்குக் கொண்டு வந்தாங்க, ஒரு பழைய வீடு இருந்த எடத்துல மூணு டவுன்ஹவுஸ் வந்துச்சு, ஒரு நர்ஸும் ஒரு ஸ்கூல் டீச்சரும் சேந்து சிட்டிக்குள்ள வீடு வாங்க முடியுது. ஸ்டேட் இன்கம் டாக்ஸ் இல்ல, எங்களுக்கு இல்லினாய்ஸ்ல 4.95 சதவீதம் கழியுது. 2011க்கப்புறம் தெருவுல படுக்குறவங்க எண்ணிக்கையை பாதிக்கும் மேல குறைச்சிருக்காங்க, முதல்ல வீட்டைக் குடு, மத்ததை அப்புறம் பேசலாம்னு சிட்டியும் கவுண்டியும் சேவை அமைப்புகளும் ஒரே லிஸ்ட் வெச்சு வேலை செஞ்சதால. இதுல எங்க ஊரு ஹூஸ்டன் கிட்ட போய் பாடம் படிக்கணும்.

சாப்பாடும் அந்த திறந்த கதவு வழியா வந்ததுதான். 1975க்கப்புறம் வந்த வியட்நாம் அகதிங்க லூசியானா ஸ்டைல் க்ராஃபிஷ்ஷை (நல்ல தண்ணியில வளர்ற, எறால் மாதிரி ஒண்ணு) எடுத்து, வேக வெச்சதும் அப்படியே வெண்ணெய், பூண்டு, மசாலாவுல போட்டுப் பொரட்டி ஒரு புது அயிட்டமாக்கிட்டாங்க. பெல்லேர் பூலவார்ட் பக்கம் போனா மேசை மேல பேப்பர் விரிச்சு, தலையைத் திருகி உறிஞ்சி, முழங்கை வரைக்கும் வெண்ணெய் வழிய ஜனங்க உக்காந்து சாப்பிடுறதைப் பாக்கலாம். எங்க தடிமனான டீப் டிஷ் பீட்ஸா ஊருக்கு வர்றவங்களுக்குத்தான், இங்க இருக்குறவங்க சாப்பிடுறது மெல்லிசா சதுரம் சதுரமா வெட்டின பீட்ஸா, அது ரொம்ப நல்லாருக்கும், ஆனா அந்த க்ராஃபிஷ் பக்கத்துல வெச்சா நான் ஹூஸ்டனுக்குத்தான் கை தூக்குவேன்.

வெயில் குளிர் பத்தி பேசி நேரத்தை வீணாக்க வேணாம், 2019 ஜனவரியில இங்க மைனஸ் 31 டிகிரி செல்சியஸ் போச்சு, அங்க ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் வெளிய நிக்க முடியாது. ஒண்ணு மட்டும், 2021 பிப்ரவரி பனியில டெக்சஸ்ல கரண்ட் போய் 200 பேருக்கு மேல செத்தாங்க, அது குளிரோட தப்பு இல்ல, கரண்ட் குடுக்குற கிரிட்டோட தப்பு. விளையாட்டுல, பாஸ்கெட்பால்ல 90கள்ல சிகாகோ புல்ஸ் ஆறு தடவை ஜெயிச்சாங்க, அவங்க ஸ்டார் மைக்கேல் ஜோர்டன் பேஸ்பால் ஆடப் போயிட்டு 95 சீசன் கடைசியில திரும்பி வந்த அந்த கேப்ல 94, 95 ரெண்டும் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் எடுத்தாங்க, ஜோர்டன் முழுசா இருந்திருந்தா என்னங்கிற சண்டை சாகுற வரைக்கும் முடியாது. 2005 பேஸ்பால் வேர்ல்ட் சீரீஸ்ல சிகாகோ ஒயிட் சாக்ஸ் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸை நாலுக்கு பூஜ்யம்னு முடிச்சாங்க, அதையும் சொல்லிடுறேன்.

நம்மாளுங்க விஷயம் ஒண்ணு. தமிழ்க் குடும்பங்கள்ல நெறைய பேர் இருக்குறது சப்அர்ப்லதான், சிகாகோ பக்கம் நேப்பர்வில், அரோரா, ஷாம்பர்க், ஹூஸ்டன் பக்கம் ஷுகர் லேண்ட், கேட்டி, பியர்லேண்ட். சிட்டிக்குள்ள இல்லாதவன் சிகாகோக்காரன்னு சொல்லலாமான்னு ஒரு சண்டை எப்பவும் உண்டு. என்னைக் கேட்டா, ஹூஸ்டன்ல இந்த சண்டைக்கே எடமில்ல, பியர்லேண்ட் மீனாட்சி கோயிலை எல்லாரும் ஹூஸ்டன் மீனாட்சி கோயில்னுதான் சொல்றாங்க, ஊரே சப்அர்ப் மாதிரி பரவிக் கெடக்கு. சிகாகோவுல சொல்லலாம், ஆனா அப்படி சொல்றவங்க வருஷத்துக்கு ரெண்டு தடவை இந்தியக் கடைங்க இருக்குற டெவான் அவென்யூல மளிகை வாங்கிட்டுத் திரும்பினா போதாது, சவுத் சைடு பக்கமும் ஒரு நாள் வரணும்.

ஏன்னா எங்க ஊரோட பெரிய குறை அங்கதான் இருக்கு. 2021ல 800 பேர் பக்கம் கொலையானாங்க. ஆள்கணக்குல பாத்தா செயின்ட் லூயிஸ், நியூ ஆர்லீன்ஸ் எல்லாம் இதை விட மோசம்தான், ஆனா அந்தப் பதிலைச் சொல்லித் தப்பிக்கிறது எனக்குப் பிடிக்கல, செத்தவங்க முக்கால்வாசி சவுத் சைடு, வெஸ்ட் சைடு கறுப்பினப் பசங்க. எல்லாருக்கும் பொதுன்னு நான் பெருமையா சொன்ன அந்த ட்ரெயின், ரெட் லைன், 1969லேர்ந்து தெற்கால 95வது தெருவோட நின்னுடுது, அதுக்கு மேல இருக்குறவங்க பஸ் மாறி மாறித்தான் வரணும். 130வது தெரு வரைக்கும் நீட்டுறோம்னு மேயருக்கு மேயர் வாக்குக் குடுத்தாங்க, 103, 111, மிச்சிகன் அவென்யூ, 130ன்னு நாலு ஸ்டேஷன், இப்போதான் திட்டம் ஒரு வடிவத்துக்கு வந்திருக்கு. அது ஓடுற வரைக்கும், ஹூஸ்டன்காரங்க கிட்ட நான் எவ்ளோ சத்தமா சண்டை போட்டாலும், அந்தத் தெற்குப் பக்கத்து ரோஸ்லேண்ட்ல 95வது தெரு ஸ்டேஷனுக்கு பஸ் புடிக்க நிக்கிறவங்க முன்னாடி ஏரிக்கரையைப் பத்தி அதே சத்தத்துல பேச எனக்கு வாய் வராது.