பீரோ மேல் பத்து வருடம்: ஆர்ட் ஸ்பீகல்மனின் 'பிரேக்டவுன்ஸ்'

இந்தப் புத்தகம் என்னிடம் வந்து பத்து வருடம் ஆகிறது. கிட்டத்தட்ட 14 அங்குல உயரம். வீட்டில் எந்த அலமாரித் தட்டிலும் நுழையாது. அதனால் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பீரோ மேல் படுக்க வைத்திருக்கிறேன். படிக்க வேண்டுமென்றால் மேஜையைக் காலி செய்துவிட்டுத்தான் விரிக்க முடியும். பார்சலில் வந்தபோதே அட்டையின் ஒரு முனை மடங்கியிருந்தது. அதைத் தவிர இன்றுவரை தாள் மஞ்சளாகவில்லை, தையல் விடவில்லை. பூச்சிக்குப் பயந்து வருடத்துக்கு இரண்டு முறை எடுத்துத் தட்டி வைக்கிறேன்.

என்னிடம் இருப்பது 2008-இல் வந்த மறுபதிப்பு. நாஜி வதைமுகாமிலிருந்து மீண்ட தன் அப்பாவின் கதையை, யூதர்களை எலிகளாக வரைந்து சொன்ன 'மௌஸ்' என்ற காமிக்ஸ் நூலை எழுதிய ஸ்பீகல்மன், அதற்கு முன் 1970களில் அமெரிக்க அண்டர்கிரவுண்டு காமிக்ஸ் இதழ்களில் வரைந்த சின்னச் சின்னக் கதைகளின் தொகுப்பு இது. 1954-இல் வந்த காமிக்ஸ் தணிக்கை விதிகளைக் கண்டுகொள்ளாமல், முத்திரை வாங்காமல், வழக்கமான பத்திரிகைக் கடைகளுக்கு வெளியே விற்ற இதழ்கள் அவை. வளர்ந்தவர்களுக்கு மட்டுமேயான பக்கங்கள் இதில் உண்டு; பிள்ளைகள் கையில் கொடுக்கிற புத்தகம் இல்லை. 'பிரேக்டவுன்' என்றால் காமிக்ஸ் தொழிலில் கதையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போடும் முதல் வரைவு. மனம் உடைந்துபோவதும் அதே சொல்தான். 1968-இல் அவருக்கு அது நடந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய கொஞ்ச நாளில் அவருடைய அம்மா தற்கொலை செய்துகொண்டார்.

முதல் முறை படித்தபோது எனக்குப் பெரிய ஏமாற்றம். முத்து, லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்த கண் என்னுடையது. அடுத்து என்ன, அடுத்து என்ன என்று ஓடிப் பழகிய கண். இதில் ஓட வழியே இல்லை. 'டே அட் தி சர்க்யூட்ஸ்' என்று ஒரு பக்கம், 1975-இல் வரைந்தது. குடியைப் பற்றிய பேச்சு. கட்டங்களுக்கு நடுவே அம்புக்குறிகள். எந்த அம்பைப் பிடித்துப் போனாலும் சுற்றிச் சுற்றி உள்ளேயே வருகிறோம், வெளியேறும் கட்டம் கிடையாது. அன்றைக்கு அது வெறும் வித்தையாகத் தெரிந்தது. இரண்டாம் வருடம் விரலை வைத்துப் பொறுமையாகத் தடம் பிடித்தபோதுதான், குடிப்பழக்கத்தின் வடிவமே இதுதானே என்று பட்டது. அந்தக் கதையை மேலிருந்து கீழாகச் சொன்னால் பொய்யாகிவிடும்.

மூன்று பக்க 'மௌஸ்' 1972-இல் வந்தது. 'ஃபன்னி அமினல்ஸ்' இதழில், பெரிய நூலுக்குப் பல வருடம் முன்பே. முகாமிலிருந்து மீண்ட கைதிகளின் புகழ்பெற்ற புகைப்படம் ஒன்றை எலிகளாக மாற்றி முதல் படமாக வைத்திருக்கிறார். ஒரு எலிக்குப் பக்கத்தில் அம்புக்குறி போட்டு 'அப்பா' என்று காட்டுகிறது. இந்த எலிகளுக்குப் பெரிய, ஈரமான கண்கள். உடம்பெல்லாம் நுணுக்கமான நிழல் கோடுகள். நம்மிடம் இரக்கத்தைக் கேட்டு வாங்குகிற முகங்கள். பிற்பாடு வந்த பெரிய 'மௌஸ்' எலிகளுக்குக் கண் இரண்டு புள்ளி, அவ்வளவுதான். இரண்டையும் அருகருகே விரித்து வைத்துப் பார்த்த இரவில்தான், அந்தப் புள்ளிகளுக்கு வந்து சேர அவர் எவ்வளவைக் கைவிட்டிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. 'மௌஸ்' படித்தவர்கள் இதை வாங்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

எல்லாமே தேறும் என்று சொல்லமாட்டேன். அமெரிக்கச் செய்தித்தாளில் வந்த ஒரு டாக்டர் தொடரின் கட்டங்களை எடுத்து, விளிம்புக்கு வெளியே இழுத்து வரைந்த கதை ஒன்று இருக்கிறது. மூலத் தொடர் பழக்கமில்லாததால் அது இன்னும் எனக்குள் இறங்கவில்லை. குள்ளத் துப்பறிவாளர் கதையில் பிக்காசோவின் ஓவியத்திலிருந்து இறங்கி வந்தது போன்ற பெண்ணைப் பார்ப்பது சந்தோஷம், கதை சுமார்.

அப்புறம் 'பிரிசனர் ஆன் தி ஹெல் பிளானட்'. 1973, நான்கே பக்கம். கறுப்பு பூசிய அட்டையைச் சுரண்டி வெள்ளைக் கோடு எடுத்து வரைந்தது. மரச்செதுக்கு மாதிரி இருக்கும். அம்மா போன பிறகான நாட்கள். மகன் கோடு போட்ட கைதி உடையில் நிற்கிறான். ஆரம்பத்தில் 1958-இல் எடுத்த புகைப்படம்: ஏரிக்கரையில் அம்மாவும் பையனும். கடைசியில் அவன் கம்பிகளுக்குப் பின்னால். காட்சி பின்வாங்கப் பின்வாங்க, அடுக்கடுக்காக அறைகள். இதைப் பெரிய 'மௌஸ்' நூலுக்குள் சிறிய அளவில் பலர் பார்த்திருப்பீர்கள். இந்த அளவில் பார்ப்பது வேறு. சுரண்டிய ஒவ்வொரு கோடும் கண்ணில் குத்துகிறது. போனில் ஸ்கேன் பார்த்தால் இது கிடைக்காது. என் அம்மா போன வருடம் இதைத் திறந்தேன். இரண்டாம் பக்கத்தோடு மூடிவிட்டேன். மறுபடி திறக்க எட்டு மாதம் ஆனது.

2008 பதிப்புக்காக முன்னால் ஒரு நீண்ட சித்திர முன்னுரை சேர்த்திருக்கிறார், தன் சின்ன வயதைப் பற்றி. அதில் அம்மா தாளில் ஏதோ ஒரு கோடு கிறுக்கித் தருகிறார்; பையன் அதைப் படமாக்க வேண்டும். அதுதான் விளையாட்டு. ஹெல் பிளானட் வரைந்து முப்பது வருடத்துக்கு மேல் கழித்து அவர் வரைந்த அம்மா இது. புத்தகத்தில் இந்த அம்மாதான் முதலில் வருகிறார். நான் இப்போது அந்த வரிசையில் படிப்பதில்லை. நான்கு கறுப்புப் பக்கங்களை முடித்துவிட்டு முன்னால் திருப்பி, அந்தக் கிறுக்கல் விளையாட்டைப் பார்த்த பிறகுதான் வேட்டித் துணியைச் சுற்றுகிறேன்.