கன்ட்ரோல்-பி-யை அடைக்க ஆட்டோகீஸா, கீடவுனா?

பெங்களூரு கலாசிபாளையத்தில் இருக்கும் எங்கள் லாரி புக்கிங் ஆபீசுக்கு, பில் போடும் செயலியை, மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான ஆக்சஸில் நானே எழுதினேன். ஒரு நாள் கவுண்டர் தம்பி ஒரே ஒரு பில்லுக்காக, அச்சிடும் விசையான கன்ட்ரோல்-பி அடித்து ஓகே கொடுத்துவிட்டான். ஃபார்மில் (பதிவுகளைப் பார்த்து நிரப்பும் திரை) நின்றுகொண்டு அப்படிக் கொடுத்தால் அதிலுள்ள எல்லாப் பதிவுகளும் அச்சாகும். பிரிண்டரைப் பிடுங்குவதற்குள் அரைக் கட்டு காகிதம் போயிற்று. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, வேர்டில் பழகிய கை.

ஆப்ஷன்ஸில் 'யூஸ் ஆக்சஸ் ஸ்பெஷல் கீஸ்' டிக்கை எடுத்தால் எஃப்11, ஆல்ட்-எஃப்11, கன்ட்ரோல்-ஜி போன்ற சிறப்பு விசைகள் வேலை செய்யாது. கன்ட்ரோல்-பி மட்டும் அப்போதும் வேலை செய்யும். அதை அடைக்க இரண்டு வழி: கீடவுன், ஆட்டோகீஸ்.

முதலில், விசையை அழுத்தியதும் ஃபார்மில் ஓடும் கீடவுன் நிரலைத்தான் பிடித்தேன். ஃபார்மில் கீபிரிவியூவை (விசையை முதலில் ஃபார்முக்கே தரும் அமைப்பு) யெஸ் ஆக்கிவிட்டு, வேண்டாத விசை வந்தால் கீகோடை (அந்த விசையின் எண்) 0 ஆக்கினால் போதும். எந்த ஃபார்மில் எதை அடைப்பது என்று தனித்தனியாக முடிவு செய்யலாம்.

பராமரிப்பில்தான் இது காலை வாரியது. அப்போது 14 ஃபார்ம்கள், பதினான்கிலும் அதே நான்கு வரி. சில மாதம் கழித்து லாரி வாடகைக்குப் புதிதாக ஒரு ஃபார்ம் போட்டேன், அந்த வரிகளைச் சேர்க்க மறந்தேன். கண்டுபிடித்தது யார்? அதே தம்பிதான், இன்னொரு கட்டு காகிதத்தோடு.

அப்புறம் ஆட்டோகீஸுக்கு மாறினேன். அந்தப் பெயரில் ஒரே ஒரு மேக்ரோ (செய்ய வேண்டியவற்றின் பட்டியல்), அதற்குள் விசைக்கு ஒரு சப்மேக்ரோ. ஆக்சஸ் தன் வழக்கமான வேலையை விட்டுவிட்டு இதில் சொன்னதைச் செய்யும். நாளைக்கு வரும் ஃபார்முக்கும் சேர்த்துத்தான். அடைப்பதோடு நிறுத்தாமல், திறந்திருக்கும் பில்லை மட்டும் அச்சடிக்கும் என் ஃபங்ஷனை கன்ட்ரோல்-பி-யில் மாட்டினேன். மேக்ரோவிலிருந்து நிரலை ஓட்டும் ரன்கோட் ஃபங்ஷனைத்தான் கூப்பிடும், சப் (மதிப்பு எதையும் திருப்பித் தராத நிரல்) என்று எழுதினால் வேலைக்கு ஆகாது. தம்பி பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. ரிப்போர்ட் பிரிவியூவிலும் அதே ஃபங்ஷன் ஓடி, ஃபார்ம் எங்கே என்று தேடிப் பிழை காட்டியது, ஒரு சோதனை வரி சேர்க்க வேண்டியிருந்தது. ஆல்ட் கூட்டணிகளை ஆட்டோகீஸ் ஏற்காது. கன்ட்ரோலோடு எழுத்து, எண், எஃப் விசைகள், இன்சர்ட், டெலீட் என்று அதன் பட்டியலே சின்னது. பதிவையே அழிக்கும் கன்ட்ரோல்-மைனஸ் அதில் இல்லை. அந்த விசையைத் துரத்தாமல் ஃபார்மில் அலவ் டெலீஷன்ஸை (அழிக்கும் அனுமதி) நோ ஆக்கிவிட்டேன். சாவி எதுவாக இருந்தால் என்ன, பூட்டு கதவில் இருக்கட்டும்.

எங்களிடம் இருப்பது 3 கணினிதான். ஆளுக்கு ஒரு விதி, ஃபார்முக்கு ஒரு விதி என்று பிரிந்த பெரிய செயலியை நான் கையாண்டதில்லை. அங்கே கீடவுனே சரியாக வரலாம். என் செயலியில் கீடவுன் இன்று ஒரே ஃபார்மில் மிச்சம் இருக்கிறது, அதுவும் பேஜ்டவுன் அடுத்த பில்லுக்குத் தாவாமல் இருக்க.