மடக்குத் தூண்டில் ராட்: கடலூர்க் கழிமுகத்திலும் கொடைக்கானல் ஏரியிலும்

நான் வைத்திருக்கும் அதே ஏழடி மடக்கு ராட் (கணுக்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் தூண்டில் கம்பு) இணையக் கடைகளில் ஏறக்குறைய பாதி விலைக்கு வந்துவிட்டதாம். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு கொடைக்கானல் போகும்போது ஏரியில் தூண்டில் போட அதை வாங்கலாமா என்று புதுச்சேரி நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு இயலவில்லை. என்னுடைய ராட் இப்போதுதான் கடலூர் முதுநகரில் பழுது பார்க்கப்பட்டுத் திரும்பியிருப்பதால், எழுத்தில் சற்றுக் காரம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். கார்பன் இழை, 2500 அளவு ரீல், மடக்கினால் ஒன்றரை அடி என்ற விவரங்கள் எல்லாம் விளம்பரத்திலேயே இருக்கின்றன. அவற்றில் பொய் எதுவும் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கெடிலம் ஆறு கடலோடு சேரும் பக்கத்திலோ உப்பனாற்றங்கரையிலோ ராடை ஊன்றி உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், ஓதம் ஏறினாலும் வற்றினாலும் நீரோட்டம் தூண்டில் நரம்பை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். ராடின் நுனி எந்நேரமும் வளைந்தே நிற்கும். கொடுவாவோ பெரிய கெளுத்தியோ வந்து வாரி இழுத்தால்தான் மீன் என்று புரியுமே தவிர, மெல்லிய கடி எல்லாம் ஓட்டத்தோடு ஓட்டமாகப் போய்விடும். அதனால் இந்த ராடின் நுனி இவ்வளவு மென்மையாக இருப்பது எதற்கு என்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. உப்பனாற்றில் அது ஒரு குறையாகவே பட்டது.

விளங்கியது கொடைக்கானலில். அந்த ஏரி இயற்கையாக அமைந்ததன்று. மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடையை மறித்துக் கரை கட்டித் தேக்கியது. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே, படகுகள் புறப்படுவதற்கு முந்தைய காலை வேளையில், தண்ணீர் அசைவதே இல்லை. நரம்பைத் தளரவிட்டால் நுனி நேராக, சும்மா நிற்கிறது. அங்கே பெரும்பாலும் தூண்டிலுக்கு வருவது சாதாக் கெண்டை. அதற்கு உதடு முன்னால் நீளும்; அடிமண்ணில் கிடக்கும் இரையை உறிஞ்சி, வாயில் வைத்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் துப்பிவிடும். இந்த உறிஞ்சலும் துப்பலும் நம்மூர் ராடில் தெரியவே தெரியாது. இந்த நுனியிலோ நரம்பு ஓடும் கடைசி வளையம் ஒரு நெல்மணி அளவு கீழே இறங்கி, உடனே எழும்பி நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. தக்கையும் தேவையில்லை, மணியும் தேவையில்லை.

அந்த முதல் அசைவுக்கு இழுத்தால் வெறும் முள்தான் வரும். இரண்டாவது, மூன்றாவது அசைவையும் விட்டுவிட்டு, நுனி இறங்கி அப்படியே நின்றுவிடும்போது மணிக்கட்டை மட்டும் தூக்க வேண்டும். குளிர்ந்த நீரில் மீன் நிதானமாகவே தின்னும் என்பதால், கடலூர்க்காரர்களின் அவசரம் அங்கே செல்லாது. 0.25 மி.மீ. நரம்பு, மிளகைவிடச் சற்றுப் பெரிய ஈயக்குண்டு, மைதாவும் வறுத்த கடலைமாவும் பிசைந்த உருண்டை: இவ்வளவே போதும். முள் ஏறியதும் கெண்டை கரையோரப் பாசிக்குள் பாயும். அப்போது ராடின் நடுப்பகுதி வளைந்து அந்தப் பாய்ச்சலை வாங்கிக்கொள்ளும் விதத்தை, இதைவிட மும்மடங்கு விலையுள்ள ராடுகளிலும் நான் பார்த்ததில்லை. வெயில் ஏறி, மிதிபடகுகள் நாலா பக்கமும் கிளம்பி, பின்னால் சாலையில் சைக்கிளும் குதிரையும் பெருகிய பிறகு, சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

டிரௌட் கிடைக்குமா என்றும் நண்பர் கேட்டிருந்தார். அதற்கு நீலகிரிக்குத்தான் போக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் குஞ்சுபொரிப்பகம் அமைத்து வளர்க்கப்பட்ட மீன் அது. குளிர்ச்சியும் ஆக்சிஜனும் மிகுந்த தெளிந்த ஓட்டத்தில் மட்டுமே நிலைக்கும். அப்பகுதி காப்புக்காடு என்பதால் நினைத்தபடி உள்ளே போய்விட முடியாது. கெண்டையும் வெளியூர்தான், 1939-ல் இலங்கையிலிருந்து உதகைக்குக் கொண்டுவரப்பட்டது. ஆனால் அது எந்தத் தண்ணீரோடும் ஒத்துப்போய்விடும். எந்த மலை ஏரியானாலும் தூண்டிலை எடுக்கும் முன் மீன்வளத் துறையிடம் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். விதி இடத்துக்கு இடம் வேறு.

இனி, பழுதுக்குக் காரணமான மூன்றாவது கணுவைப் பற்றி. இத்தகைய ராடில் ஒவ்வொரு கணுவும் நுனி நோக்கிச் சிறுத்துச் செல்லும். வெளியே இழுத்தால் உள்கணுவின் அடிப்பகுதி வெளிக்கணுவின் வாயில் ஆப்புப்போல் இறுகி நிற்கும். திருகும் கிடையாது, பூட்டும் கிடையாது, வெறும் உராய்வுதான். அந்த இடுக்கில் உப்புநீர் இறங்கிக் காய்ந்தால் பிடித்துக்கொள்கிறது. எப்படி இறங்குகிறது என்றால், ரீலில் சுற்றும்போது ஈர நரம்பு ஒவ்வொரு வளையத்திலும் சொட்டுகிறது, ராடைச் சாய்த்துப் பிடித்திருப்பதால் சொட்டியது தண்டு வழியே வழிந்து மூட்டுக்குள் போகிறது. கடலிலிருந்து வந்ததும் நான் நல்ல தண்ணீரில் கழுவாமல் வைப்பதே இல்லை. இருந்தும் பயனில்லை, ஏனென்றால் உள்ளே போன உப்பை வெளியிலிருந்து கழுவ முடியாது. அடியில் உள்ள மூடியைக் கழற்றிக் கணுக்களை ஒவ்வொன்றாக உருவித்தான் கழுவ வேண்டும். அந்த மூடி அலுமினியம். கார்பனும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புநீர் பட்டால் அலுமினியம் அரிக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பாலபாடம். என் ராடின் மூடி மரையில் வெள்ளைப் பொடி பூத்து, காசை வைத்துத் திருப்பியபோது காசு வளைந்ததே தவிர மூடி அசையவில்லை. பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தால் செலவும் குறைந்திருக்கும், எனக்கு இரத்த அழுத்தமும் ஏறியிருக்காது. உறையிலோ ‘கடலுக்கும் ஏற்றது’ என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்.

இந்தக் கணு கடலூரில் மக்கர் செய்தால் பரவாயில்லை; வீடு பக்கம். கொடைக்கானலில், பிற்பகல் மழை இருட்டிக்கொண்டு வந்து இடி உறுமும் நேரத்தில் செய்தது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். இடி மழையில் அதை நீட்டிப் பிடித்திருப்பது உயிரோடு விளையாடுவது. கரையில் போட்டுவிட்டு ஒதுங்கி நின்று, மழை விட்டதும் மீண்டும் முறுக்கினேன். துணி சுற்றி முறுக்கினேன். டீக்கடையில் வெந்நீர் வாங்கி ஊற்றியும் முறுக்கினேன். நீண்டது நீண்டபடியே இருந்தது. பிறகு வத்தலக்குண்டு பேருந்தில், மடக்கு ராடை மடக்காமல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முன்னிருக்கைக்காரர் தலைமீது படாமல் பிடித்துவந்தேன். “இது என்ன சார், கொடிக்கம்பமா?” என்று நடத்துநர் கேட்டார். பேருந்தில் எளிதாகக் கொண்டுபோகலாம் என்பதற்காகவே வாங்கிய பொருள் அது.

முதுநகரில் பழுது பார்த்தவர் மூடியைச் சூடாக்கிக் கழற்றி, செங்குத்தாகப் பிடித்து மரப்பலகைமேல் இதமாகத் தட்டியதில் கணு இறங்கிவிட்டது. இறங்கும்போது ஒரு வளையத்தின் பீங்கான் வெடித்தது, அதையும் மாற்றினார். மூன்றாவது கணு மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று விற்ற நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். உதிரிப்பாகம் தருவதில்லை, விலை குறைந்திருப்பதால் புதிதாகவே வாங்கிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம், பாதி விலைக்கும் வேண்டாம். மலை ஏரிக்கு மட்டும்தான், உப்புநீர்ப் பக்கமே கொண்டுபோக மாட்டேன் என்று நீங்கள் சொல்லக்கூடும். கடலில் கலக்கும் அரியாங்குப்பத்து ஆற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த உறுதி எத்தனை நாள் நிற்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு துண்டாகப் பிரியும் சாதாரண ராட் ஒன்றை வாங்குங்கள். பேருந்தில் இடிக்கும், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கும். என்னுடையதை இரவல் கேட்க வேண்டாம். இந்தக் கோடைக்கு நானும் கொடைக்கானல் போவதாக இருக்கிறேன்.