புதினாவா, ரோஸ்மேரியா?

ஒரு தொட்டிக்குத்தான் இடம், எதை வைக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது வெயிலைப் பற்றி அல்ல. தண்ணீர் ஊற்றாமல் கை சும்மா இருக்காத ஆளா, ஊற்றவே மறந்துபோகிற ஆளா என்பதைத்தான்.

இரண்டுமே துளசிக் குடும்பம், இரண்டுமே ஆண்டுக்கணக்கில் நிற்பவை. குணம் மட்டும் எதிரும் புதிரும். புதினா ஈரத்துக்குப் பழகியது. ரோஸ்மேரி மத்தியதரைக் கடலோரத்துக் கல் நிலத்தில் காய்ந்து வளர்ந்தது. அதன் இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள்: இரண்டு ஓரமும் உள்ளே சுருண்டிருக்கும், நடுவில் வெள்ளையாகச் சுணை. ஈரத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும் ஏற்பாடு அது. இப்படிப்பட்ட செடிக்குத் தினமும் ஊற்றினால் வேர் அழுகாமல் என்ன செய்யும்?

என் முதல் ரோஸ்மேரி அப்படித்தான் போனது. நுனி காய்கிறதே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். பார்வைக்குப் பச்சையாகத்தான் நின்றது. ஒருநாள் தொட்டதும் இலைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்துக் கொழகொழவென்று இருந்தது. புதினா இப்படி ஏமாற்றாது. தாகம் எடுத்தால் தலையைத் தொங்கப்போடும், ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். முதல்முறை வளர்ப்பவருக்கு நான் புதினாவைச் சொல்வது இதனால்தான்.

ஆனால் புதினா அடங்காது. தண்டுகளை ஓடவிட்டுத் தொட்டி முழுக்கப் பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் செழித்து நடுவில் மொட்டையாகும். ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துப் புதுமண்ணில் நட வேண்டும். அகலமான தொட்டி, அரை நிழல் போதும். ரோஸ்மேரிக்கு ஓட்டையுள்ள மண்தொட்டி, மணல் தாராளமாகக் கலந்த மண், 6 மணி நேர வெயில். விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்தபிறகே தண்ணீர். உரத்தை அள்ளிப் போட்டால் தளதளவென்று வளரும், வாசனைதான் குறையும்.

வெட்டும்போதும் கவனம். புதினாவை மண்ணுக்கு 2 விரல்கடை மேலே ஒட்ட வெட்டினாலும் துளிர்க்கும். ரோஸ்மேரியில் இலையுள்ள பச்சைப் பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இலையில்லாத பழைய கட்டையில் வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது. புதினாத் தண்டு ஒரு டம்ளர் தண்ணீரில் ஓரிரு வாரத்தில் வேர்விடும். ரோஸ்மேரித் தண்டுக்கு மாதக்கணக்கு ஆகலாம். விதை இரண்டுக்குமே வேண்டாம்; அதிலும் பெப்பர்மிண்ட் என்கிற புதினா வகை ஒரு மலட்டுக் கலப்பினம், விதையே எதிர்பார்க்க முடியாது.

உலர்த்தி வைக்க ரோஸ்மேரிதான். காய்ந்தபின்னும் அதன் மணம் நிற்கும். புதினாவைப் பச்சையாகப் பறித்த மறுநிமிடமே பயன்படுத்துவது உத்தமம்.

வெயிலும் இல்லை, தண்ணீரும் மறந்துபோகும் என்கிறவர்களா? அப்புறம் கற்பூரவல்லிதான். தடித்த இலையில் தண்ணீரைச் சேமித்துக்கொள்ளும், ஒடித்து நட்டால் பிடித்துக்கொள்ளும். உறைபனி மட்டும் ஆகாது.