இரண்டு வன்தட்டுகளும் ஒரு கடவுச்சொல் பெட்டகமும்: புறக்கோட்டைக் கடையொன்றின் நான்கு ஆண்டு அனுபவம்

கொழும்பு புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் எங்கள் குடும்பம் நடத்தும் துணி மொத்த வியாபாரத்தில் ஏழு பேர் வேலை செய்கிறோம், கணினிகள் மூன்று. 2021ஆம் ஆண்டு, ஊரடங்கு தளர்ந்து தீபாவளிக்குச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த நாட்களில், கூரியர் நிறுவனமொன்றின் பெயரில் வந்த மின்னஞ்சலின் இணைப்பைத் திறந்ததும், கணக்குக் கணினியின் கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டு, கப்பம் கேட்கும் அறிவிப்பு மட்டும் திரையில் நின்றது. காப்புப் பிரதி இருந்த பென் டிரைவ் எந்நேரமும் அதே கணினியில் செருகியபடி கிடந்ததால், அதுவும் தப்பவில்லை. மட்டக்களப்பு, ஹட்டன், யாழ்ப்பாணம் வியாபாரிகளில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற விபரம் முழுவதும் அதற்குள்தான் இருந்தது. கணக்காளர் அக்காவும் நானும் பில் புத்தகங்களின் கார்பன் பிரதிகளை விளக்கடியில் பிடித்து, மூன்றா எட்டா என்று தெரியாத மங்கிய இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்து, பதினொரு நாட்களில் பாக்கிப் பட்டியலைத் திரும்ப எழுதினோம். கப்பம் கொடுக்கவில்லை; கொடுத்தாலும் கோப்புகள் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அதன்பின் வாங்கியவற்றுள் அதிகம் பயன்பட்டவை இரண்டு வெளி வன்தட்டுகளே. மாலையில் கடை பூட்டுமுன் ஒன்றில் பிரதி எடுத்து, கழற்றி, வெள்ளவத்தையில் உள்ள வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். மற்றது கடைப் பெட்டகத்தில் இருக்கும். மறுநாள் இரண்டும் இடம் மாறும். ஐந்தாவது மாதத்தில், பிரதியிலிருந்து கணக்குகளை மீட்டுப் பார்த்தபோதுதான், கணக்கு மென்பொருள் திறந்திருக்கையில் பிரதி எடுத்ததால் முதன்மைத் தரவுக் கோப்பு மட்டும் ஒவ்வொரு நாளும் விடுபட்டிருந்தது தெரிந்தது. அன்று எனக்குக் கை நடுங்கியது. இப்போது மென்பொருளை மூடிய பிறகே பிரதி எடுக்கிறோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை மீட்டும் பார்க்கிறோம். 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மேகக் கணினி அமைப்பு இதே வகைத் தாக்குதலுக்கு உள்ளாகி, சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் அழிந்தன. அக்காலப் பகுதிக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. அச்செய்தியை வாசித்த அன்றே, பெட்டகத்திலிருந்த வன்தட்டை எடுத்து மறுபடியும் சோதித்தேன்.

கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் பெட்டகமாகப் பிட்வார்டன் என்ற செயலியைப் பயன்படுத்துகிறோம். அதன் இலவச வடிவில் இருவர் பகிர்ந்துகொள்ளலாம். எனக்கும் அக்காவுக்கும் அது போதுமானது. முதல் மாதம் அக்கா மிகவும் சிரமப்பட்டார், ஏனெனில் அதைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல் நீளமாக இருந்தது. தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டும் முறைக்கு மாறியதும் அந்தச் சிரமம் தீர்ந்தது.

மின்னஞ்சலுக்கான இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லுக்குப் பிறகு கேட்கப்படும் இலக்கத்தைப் பெறுவதை, குறுஞ்செய்தியிலிருந்து செயலிக்கு மாற்றியது நல்ல முடிவு. முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் இலக்கத்தைச் செயலி தொலைபேசிக்குள்ளேயே நேரத்தைக் கொண்டு கணிப்பதால், கொள்முதலுக்காகத் திருப்பூர் போகும்போது தொலைபேசி இணைப்பு இல்லாவிட்டாலும் வேலை செய்கிறது. தொலைபேசி உடைந்த ஒரு நாளில், செயலி இல்லாமலே கணக்கில் நுழைய உதவும், அச்சிட்டுக் கடைப் பெட்டகத்தில் வைத்திருந்த மீட்புக் குறியீடுகள்தான் எங்களைக் காப்பாற்றின. செயலியை நிறுவும் அன்றே அவற்றை அச்சிடுங்கள்.

இவை எதுவும் தடுத்திருக்க முடியாத ஆபத்தொன்று சென்ற ஆண்டு வந்தது. திருப்பூர் வியாபாரி பெயரில், வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள் என்று மின்னஞ்சல். "தம்பி, இந்த விலாசத்தைக் கொஞ்சம் பாருங்கோ" என்று அக்கா கூப்பிட்டார். ஆங்கில 'எம்' இருக்கவேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' என்ற இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டு நின்றன. பழைய இலக்கத்துக்கு அழைத்தோம். அவர் கணக்கு மாறவேயில்லை. கணக்கு மாற்றம் எதுவானாலும், நம்மிடம் முன்பே உள்ள இலக்கத்துக்கு அழைத்துக் குரலைக் கேட்ட பிறகே பணம் அனுப்புவது அன்றிலிருந்து கடை வழக்கமாயிற்று. செலவில்லாத இந்த வழக்கத்தை, நான் காசு கொடுத்து வாங்கிய வைரஸ் தடுப்பு மென்பொருளைவிட உயர்வாக மதிக்கிறேன்.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தும், பில் போடும் கணினி அதிலேயே ஓடுகிறது. பழைய பில் அச்சியந்திரம் புதிய பதிப்போடு ஒத்துப்போகவில்லை. அச்சியந்திரத்தை மாற்றும் வரை அந்தக் கணினியின் இணைய வயரைக் கழற்றி வைத்திருக்கிறோம்.