பேதிக்கு ஆன்டிபயாடிக்: போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன?

பேதி தொடங்கிய இரண்டாம் நாள் ஆன்டிபயாடிக் போடுகிறோம். நான்காம் நாள் நின்றுவிடுகிறது. பெயர் மாத்திரைக்கு. போடாமல் இருந்தாலும் அநேகமாக அதே நாளில் நின்றிருக்கும் என்பதை யார் சோதித்துப் பார்க்கிறார்கள்? திடீர் வயிற்றுப்போக்கில் பெரும்பகுதி ரோட்டா, நோரோ போன்ற வைரஸ்களின் வேலை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கான மருந்து. வைரஸ் அதைச் சட்டையே செய்யாது.

மாத்திரை இல்லாத வழி என்றால் சும்மா இருப்பது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதில்தான் வேலை அதிகம். ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் உடம்பை விட்டு வெளியேறும் நீரும் உப்பும்தான். குடல் எவ்வளவு பாதிக்கப்பட்டிருந்தாலும், குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாக உள்ளே நுழையும் வழி பெரும்பாலும் திறந்தே இருக்கும். அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போய்விடும். ஓஆர்எஸ் எனும் உப்பு-சர்க்கரைக் கரைசலின் சூட்சுமம் இவ்வளவுதான். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் சலைன் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் காலரா நோயாளிகளுக்கு இதைக் குடிக்கக் கொடுத்தார். 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4-க்கும் கீழே இறங்கியது.

கலக்குவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டில் கொஞ்சம் எடுத்து டம்ளரில் போட்டு, மிச்சத்தை மடித்து வைப்பார்கள். லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு என்ற கணக்கு அதோடு போச்சு. முழுப் பாக்கெட்டையும் அதன் மேல் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைப்பதே சரி. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுக்கலாம். கூடவே 10 முதல் 14 நாள் வரை ஜிங்க்: தினமும் 20 மில்லிகிராம், ஆறு மாதத்துக்குள் என்றால் 10. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

ஆன்டிபயாடிக் வேண்டியே தீரும் இடமும் உண்டு. ஷிகெல்லா என்ற பாக்டீரியாவால் காய்ச்சலோடு ரத்தமாகப் போகும் சீதபேதி அப்படி. கடுமையான காலராவில் பேதி நீடிக்கும் காலத்தை ஆன்டிபயாடிக் ஏறத்தாழ பாதியாக்கும். அங்கும் முதல் இடம் தண்ணீருக்குத்தான்.

ஆனால் ரத்தம் என்றாலே மாத்திரை என்றும் இல்லை. ஈ.கோலை ஓ157 கிருமியாக இருந்தால், சில ஆன்டிபயாடிக்குகள் நச்சைக் கூடுதலாக வெளியேறச் செய்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் அபாயம் உண்டு. சாதாரண சால்மோனெல்லா பேதியில், மலத்தில் கிருமி வெளியேறும் காலமே நீண்டுபோகலாம். குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, அந்த இடத்தில் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கெட்ட பாக்டீரியா குடியேறினால் மாத்திரையே பேதிக்குக் காரணமாகிவிடும். ரத்தம் தென்பட்டால் மருத்துவர் மலப் பரிசோதனை கேட்பது இதனால்தான்.

வீட்டில் பார்க்க வேண்டியது வேறு. கண் குழிந்திருக்கிறதா, சிறுநீர் போய் எத்தனை மணி நேரம் ஆகிறது, குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிகிறதா? இரண்டு நொடிக்கு மேலும் மடிப்பு அப்படியே நின்றால், உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அங்கே முதலில் ஏறப்போவது சலைன். ஆன்டிபயாடிக் தேவையா என்பது அதற்கடுத்த பேச்சு.