வீட்டில் மெழுகுவத்தி ஊற்ற ஆசையா? கிட்டை விடுங்கள், திரியைப் பாருங்கள்

காரைக்குடி வீட்டில் ரெண்டு வருஷத்துக்கு மேலாக மெழுகுவத்தி ஊற்றிக்கொண்டிருக்கிறேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் கேட்டால் முதலில் சொல்வது, ஆன்லைனில் விற்கிற தொடக்க கிட்டை வாங்காதீர்கள் என்பதுதான். எனக்கு வந்த கிட்டில் சோயா மெழுகு, தகர டப்பா, குட்டி பாட்டிலில் வாசனை, ஸ்டிக்கர், ரிப்பன் எல்லாம் இருந்தது, திரி மட்டும் ஒரே அளவு, அதுவும் அந்த டப்பாவின் அகலத்துக்குப் போதாத மெல்லிசு. ஏற்றினால் கிணறு வெட்டுகிற மாதிரி நடுவில் மட்டும் இறங்கும், சுற்றிலும் மெழுகு அப்படியே நிற்கும், கடைசியில் உருகிய மெழுகிலேயே திரி மூழ்கி அணைந்துபோகும். காசு முழுக்க ரிப்பனுக்குத்தான் போயிருக்கிறது.

உருகிய மெழுகைத் திரி மேலே இழுக்கிறது, அது சூட்டில் ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. திரி மெலிந்தால் மேலே சொன்ன குழி. தடித்தால் சுடர் எகிறி, கரி கக்கி, நுனியில் கறுப்பாக உருண்டை கட்டும். அதனால் டப்பாவின் வாய் அகலத்தைப் பார்த்துத்தான் திரி வாங்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து அளவுகளில் மூன்று நான்கு வாங்கி, ஒரே மாதிரி டப்பாக்களில் ஊற்றி எரித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பின்னல் திரியாக வாங்குங்கள். 1825ல் பிரான்சில் காம்பசேரே என்பவர் இதைக் கொண்டுவரும் வரை கருகிய திரி நுனியை வெட்டிவிட மெழுகுவத்திப் பக்கத்திலேயே கத்தரியோடு உட்கார்ந்திருக்க வேண்டிய நிலைமை. பின்னல் திரி எரிய எரியத் தானே வளைந்து, சுடரின் ஓரத்துக்கு வந்து சாம்பலாகிவிடும். சாமி விளக்குத் திரியைப் போட்டும் பார்த்தேன், எண்ணெய்க்குத்தான் அது லாயக்கு, மெழுகில் துவண்டு விழுந்துவிடுகிறது.

பின்னல் பருத்தி நூல் கிடைத்தால் திரியை வீட்டிலேயே தயார் பண்ணலாம். நாட்டு மருந்துக் கடையில் வெண்காரம் (போராக்ஸ்) கேளுங்கள். ஒரு கப் வெந்நீரில் 2 டேபிள் ஸ்பூன் வெண்காரம், 1 டேபிள் ஸ்பூன் உப்பு கரைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, ஈரமே இல்லாமல் காயவைத்து, உருகிய மெழுகில் முக்கி நேராக இழுத்து ஆறவிட வேண்டும். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் படபடவென்று வெடிக்கும். வெண்காரக் கரைசலைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

சோயா நம் ஊருக்குச் சரிப்படுவதில்லை. டப்பாவில் ஊற்றுகிற சோயா 50 டிகிரி பக்கத்திலேயே உருகுகிற சரக்கு. சித்திரை, வைகாசியில் மாடி அறையில் வைத்தால் மேலே எண்ணெய் முத்து முத்தாக வியர்த்து நிற்கும். நான் பாரஃபினுக்கே, அதாவது பெட்ரோலிய மெழுகுக்கே திரும்பிவிட்டேன், 58-60 டிகிரியில் உருகுகிற ரகம், அதை இறுக்க 100 கிராமுக்கு 5லிருந்து 10 கிராம் ஸ்டியரிக் ஆசிட். கெட்டியாக நிற்கிறது, அச்சிலிருந்தும் ஒட்டாமல் கழன்று வருகிறது. தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும், மணமும் அருமை, விலையைக் கேட்டால்தான் மயக்கம் வரும்.

உருக்குவதற்கு முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடையில் எடுத்த ஒரு எனாமல் ஜக்கை வைத்திருக்கிறேன், மூக்கு இருப்பதால் ஊற்ற வசதி. தண்ணீர்ச் சட்டிக்குள் ஜக்கை வைத்துத்தான் உருக்குவது, அப்போது 100 டிகிரியைத் தாண்ட வழியில்லை. நேரடியாக அடுப்பில் வைத்துவிட்டுப் போன் பேசப் போனால் 200 டிகிரி பக்கம் போகும்போது ஆவி தீப்பிடிக்கும். அப்படிப் பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, அடுப்பை அணைத்துத் தட்டைப் போட்டு மூடுங்கள். ரசம் வைக்கிற ஈயச் சொம்புப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள், அது வெள்ளீயம், 232 டிகிரியிலேயே உருகிவிடும், அதற்கப்புறம் வீட்டு ஆச்சி உங்களை உருக்குவார்.

பாரஃபின் ஆறும்போது சுருங்கும், திரியைச் சுற்றிப் பள்ளம் விழும். அதற்குக் கொஞ்சம் மெழுகு மிச்சம் வைத்து ரெண்டாவது தடவை ஊற்றுங்கள். ரொம்பப் பேர் இதைத் தப்பு நடந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள், பாரஃபினின் குணமே அதுதான்.

வாசனை விஷயத்தில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. கேக்குக்குப் போடுகிற எசன்ஸ் மெழுகோடு சேராது, மெழுகுவத்திக்கென்று விற்கிற வாசனை எண்ணெய்தான் வேண்டும். அதையும் நிறுத்துப் போட்டு, ஊற்றி, ஒரு வாரம் ஆறவைத்து ஏற்றினாலும் முற்றம் திறந்த வீட்டில், அவ்வளவு உயரக் கூரைக்குக் கீழே, மணம் எங்கே போகிறதென்றே தெரியாது. கதவு சாத்திய சின்ன அறைக்குத்தான் அது. முற்றத்துக் காற்றும் மின்விசிறியும் சுடரை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒரே பக்கம் ஒழுகவைக்கும், அதற்குக் கண்ணாடிக் குடுவையில் வைப்பதுதான் வழி. ஒவ்வொரு தடவையும் ஏற்றுவதற்கு முன்னால் திரியை அரை சென்டிமீட்டருக்குக் கத்தரித்துவிடுங்கள். முதல் தடவை மேல்பரப்பு ஓரம் வரை உருகும் முன் அணைத்தால், அப்புறம் நடுவில் மட்டும் இறங்க ஆரம்பித்துவிடும்.

மிச்சமாகுமா என்று கேட்காதீர்கள், ஆகாது. கரண்ட் போனால் ஏற்றுவதற்குக் கடைப் பாக்கெட்டுதான் மலிவு. "ஏத்தா, இம்புட்டுப் பாட்டுக்கு ரெண்டு விளக்க ஏத்தி வச்சுட்டுப் போயிரலாமுல்ல" என்று பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டார், நியாயம்தான். ஆனால் கொலுவுக்கு வந்தவர்களுக்குக் கையால் ஊற்றியதைக் கொடுத்ததில் அதே ஆச்சிதான் ரெண்டு கேட்டு வாங்கிப் போனார்.

மிஞ்சின மெழுகைச் சிங்கில் கொட்டாதீர்கள், குழாயில் கட்டிக்கொள்ளும், காகிதக் கப்பில் ஊற்றி வைத்தால் அடுத்த தடவைக்கு ஆகும். ஆத்தங்குடிக் கல் தரையில் சிந்தினால் சூடாக இருக்கும்போது துடைத்துத் தேய்க்காதீர்கள், பரவிவிடும். நன்றாக இறுகவிட்டுப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டினால் பெயர்ந்து வரும், அப்புறம் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடை.